ஈதலும் ஏற்றலும்

1

உயர்கல்வியில் இணையவழிக் கற்பித்தல் பற்றி வெளியாகும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கின்றன: ஆசிரியர்கள் இதை ஏன் ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறார்கள்? கேள்வி கேட்கப்படும் விதத்திலேயே பதிலில் பாதி அடங்கிவிடுகிறது. ஏற்றுக்கொண்டவரிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. மறுத்தவர் விஷயத்தில் மட்டும் வியாதிக்கு மூலம் தேடுவதுபோல் தேடுகிறார்கள் - வயதா, பயமா, பயிற்சி போதாமையா, பழக்கதோஷமா என்று. அவர் யோசித்துப் பார்த்து மறுத்திருக்கலாம் என்பதற்கு அந்த வினாப்பட்டியல்களில் இடமே இல்லை.

நான் கல்லூரியில் இலக்கியம் கற்பிப்பவன். இத்தகைய வினாப்பட்டியல்கள் பலவற்றை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதில் தொடங்கி 'முற்றிலும் மாறுபடுகிறேன்' என்பதுவரை ஐந்து வட்டங்கள் இருக்கும். ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும். அந்த ஐந்து வட்டங்களுக்குள் சொல்ல முடியாத ஒன்றை இங்கே சொல்லிப் பார்க்கிறேன். ஒரு கற்பிக்கும் கருவியை ஆசிரியர் ஏற்பது அல்லது மறுப்பது எந்த வகையைச் சேர்ந்த செயல்? சந்தையில் புது சோப்பை வாங்குவது போன்ற நடத்தையா? இல்லை, சரி தவறு பற்றிய தீர்ப்பா? நடத்தை என்றால் அதை அளக்கலாம், தூண்டலாம், திருத்தலாம். தீர்ப்பு என்றால் அதனோடு வாதாட மட்டுமே முடியும். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டதால் நம் கல்லூரிகளில் என்ன நடந்துவிட்டது என்பதே என் அக்கறை.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யந்திரத்தை எதிர்ப்பதற்காக இதை எழுதவில்லை. பேனாவும் யந்திரம்தான், இந்தப் பத்திரிகையும் ஒரு யந்திரத்திலிருந்துதான் வருகிறது.

2

'ஏற்பு' என்ற இந்தக் கலைச்சொல்லுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அது வகுப்பறையில் பிறக்கவில்லை, சோளக்காட்டில் பிறந்தது. பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து விவசாயிகளிடையே ஒட்டுரக மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்பதை ஆராய்ந்து 1943இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதே அயோவாவில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்த எவரெட் ரோஜர்ஸ், 1962இல் அதை எல்லாப் புதுமைகளுக்குமான பொதுக் கோட்பாடாக விரித்தார். மனிதர்களை ஐந்து வகையாகப் பிரித்தார். முதலில் புதுமையைக் கொண்டுவருபவர்கள், அடுத்து அதை முந்திப் பற்றிக்கொள்பவர்கள், பிறகு பெரும்பான்மையில் முன்பாதி, பெரும்பான்மையில் பின்பாதி, கடைசியாகப் பின்தங்கியவர்கள்.

பின்தங்கியவர் என்ற சொல்லைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். போகவேண்டிய ஊர் ஒன்றுதான், பாதையும் ஒன்றுதான், நடையின் வேகத்தில்தான் வித்தியாசம் என்று தீர்மானித்த பிறகே ஒருவரைப் பின்தங்கியவர் என்று சொல்ல முடியும். வேறு ஊருக்குப் போகிறவனை யாரும் அப்படிச் சொல்வதில்லை. புதுமையின் பக்கம் தராசு இப்படிச் சாய்ந்திருப்பதைப் பின்னாளில் ரோஜர்ஸே தம் துறையின் குறையாக எடுத்துச் சொன்னார். அவரைப் பின்பற்றியவர்கள் அந்தப் பகுதியை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

ரோஜர்ஸின் தகப்பனாரே ஒட்டுவிதையை எட்டு வருஷம் வாங்காமல் இருந்தவர். 1936இல் வறட்சி வந்தது. பக்கத்துக் காட்டில் ஒட்டுரகம் நிமிர்ந்து நிற்க, அவருடைய பயிர் வாடிப்போயிற்று. அதன்பின் அவரும் மாறினார். மறுப்புக்குப் பரிந்து பேசுகிறவன் இந்தக் கதையைத் தாண்டிக் குதித்து ஓடக் கூடாது. மறுத்தவர் தோற்றார், மறுப்புக்கு விலை கொடுத்தார் என்பது உண்மை. ஆனால் இன்னும் இரண்டு உண்மைகளும் இதில் உண்டு. ஒன்று, நிலம் அவருடையது, நஷ்டமும் அவருடையது, யார் சரி என்பது ஒரே பருவத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. கல்வியில் விளைச்சல் அப்படித் தெரிவதில்லை. பத்து வருஷம் கழித்து, ஆசிரியரின் பார்வைக்கு எட்டாத ஏதோ ஒரு ஊரில், ஒரு மனிதன் ஒரு பொய்யை நம்ப மறுக்கும்போது அது விளையலாம். இரண்டு, ஒட்டுரகத்தின் கதிரிலிருந்து மறுவருஷத்துக்கு விதை எடுத்துவைக்க முடியாது. எடுத்து விதைத்தால் வீரியம் குறைந்துவிடும். வருஷா வருஷம் விதைக் கம்பெனிக்குப் போயாக வேண்டும். லாபம் நிஜம். குலுக்கையில் விதை சேர்த்துவைக்கும் உரிமை போனதும் நிஜம். 'ஏற்பு' என்ற சொல் முதலாவதை மட்டுமே எண்ணும்.

சோளக்காட்டிலிருந்து இந்தச் சொல் ஆபீஸுக்குக் குடிபெயர்ந்தது. ஃப்ரெட் டேவிஸ் என்பவர் 1989இல் வெளியிட்ட கட்டுரைதான் இன்றைய ஏற்பு ஆராய்ச்சிகளுக்கெல்லாம் மூலம். டொரன்டோவில் ஐ.பி.எம். கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் மின்னஞ்சலையும், கோப்புகளைத் திருத்தும் ஒரு நிரலையும் உபயோகித்த 112 பேரின் பதில்கள் அதில் அலசப்பட்டன. ஒருவர் ஒரு கம்ப்யூட்டர் அமைப்பை ஏற்பதை இரண்டு எண்ணங்கள் தீர்மானிக்கின்றன என்பது அதன் முடிவு - இதனால் பயன் உண்டு என்ற எண்ணம், இது சுலபம் என்ற எண்ணம். பயனை அளக்க ஆறு கேள்விகள். வேலை சீக்கிரம் முடிகிறதா, செயல்திறன் உயர்கிறதா, உற்பத்தி கூடுகிறதா என்கிற ரீதியில் போகும்.

ஆபீஸில் மின்னஞ்சல் அனுப்புகிறவருக்கு இவை நியாயமான கேள்விகள். இந்த ஆறையும் 'கற்பித்தல்' என்ற சொல்லை மட்டும் செருகி ஆசிரியரிடம் கேட்டபோதுதான் விபரீதம் தொடங்கியது. ஒரு கவிதையைச் சீக்கிரம் கற்பித்து முடிப்பதில் என்ன பயன்? யாருக்குப் பயன்? ஆபீஸ் ஊழியர் அந்தக் கேள்விகளுக்குத் தன்னைப் பற்றிப் பதில் சொல்லலாம். ஆசிரியர் எதிரே உட்கார்ந்திருக்கும் இன்னொருவரைப் பற்றித்தான் சொல்ல முடியும். அந்த இன்னொருவருக்கு இந்தச் சூத்திரத்தில் இருக்கை போடவில்லை.

2003இல் டேவிஸும் வேறு மூவரும் சேர்ந்து இதை விரிவாக்கினார்கள். மற்றவர்களின் செல்வாக்கு, வசதிகள் போன்றவையும் சேர்ந்தன. வயது, பாலினம், அனுபவம் ஆகியவற்றோடு 'தன்விருப்பம்' என்பதும் ஒரு மாறியாக இடம்பெற்றது. அதாவது, ஒரு மனிதன் ஒன்றைத் தானாக விரும்பிச் செய்கிறானா, கட்டாயத்தில் செய்கிறானா என்பது, அவனுக்கு வயது நாற்பதா ஐம்பதா என்பதைப்போல, கணக்கைக் கொஞ்சம் அப்படி இப்படி அசைக்கும் விவரமாகிவிட்டது. கணக்குக்கு அது போதும். அறத்தைப் பொறுத்தவரை எல்லாமே அந்த ஒன்றில்தான் இருக்கிறது.

3

நம்மிடமும் இதுபற்றி ஒரு பழைய யோசனை உண்டு. அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து தூக்கிப் போட்டுவிட்டோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரம், ஆசிரியரைப் பற்றியும் மாணாக்கரைப் பற்றியும் பேசுகிறது. கற்பிக்கும் முறையை அது பெயரிட்டிருக்கும் விதம் கவனிக்கத்தக்கது: ஈதல் இயல்பு. கற்பித்தல் அங்கே ஒரு கொடை. கொடுப்பவன் காலமும் இடமும் பார்க்க வேண்டும். அவசரமும் கோபமும் கூடாது. விருப்பத்தோடு, மலர்ந்த முகத்தோடு கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்கிறவன் எந்த வகையில் கொள்ளக்கூடியவன் என்பதை அறிந்து, அவன் உள்ளம் பற்றிக்கொள்ளும்படி கொடுக்க வேண்டும்.

இதைப் பழம்பெருமைக்காக எடுக்கவில்லை. நன்னூல் சொல்லும் கல்வி யார் யாருக்குக் கிடைத்தது, யாரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தியது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அச்சும் அரசுக் கல்லூரியும் வந்துதான் அந்தக் கதவு கொஞ்சமாவது திறந்தது. எனக்கு வேண்டியது வேறு. 'கொள்வோன்' என்ற சொல் அங்கே யாரைக் குறிக்கிறது என்று பாருங்கள். மாணவனை. இன்றைய ஆராய்ச்சியில் ஏற்பவர் யார்? ஆசிரியர். ஈபவராக இருந்தவர் ஏற்பவராகிவிட்டார். தமிழில் ஏற்பது என்பதற்குக் கையேந்துவது என்றும் அர்த்தம் உண்டு என்பது நினைவுக்கு வராமல் போகாது. மாணவன் என்ன கொண்டான் என்ற கேள்வி இருந்த இடத்தில், ஆசிரியர் என்ன ஏற்றார் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆசிரியராக இருக்கத் தகாதவர்களுக்கு நான்கு உவமைகள் தருகிறது அதே பாயிரம். கழற்காய் போட்ட குடம் - கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராமல் கலைந்து கொட்டும். மடற்பனை - ஏறவிடாது, தானாக விழுந்ததைத்தான் பொறுக்கிக்கொள்ள வேண்டும். பருத்தி அடைத்த குண்டிகை - திணித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத்தான் எடுக்க முடியும். முடத்தெங்கு - தண்ணீர் ஊற்றியவன் ஒருவன், வளைந்துபோய்க் காய் தருவது இன்னொருவன் வளவில். இந்த நான்கையும் மனிதர்களிடம் நான் பார்த்திருக்கிறேன். இருபது வருஷத்துப் பழுப்பேறிய நோட்டை வாசித்துவிட்டுப் போகும் பேராசிரியர் மடற்பனைதான். அவர் கம்ப்யூட்டரைத் தொட மறுப்பதில் எந்தத் தத்துவமும் இல்லை. மறுப்பவர் எல்லோரும் யோசித்து மறுப்பவர்கள் என்று நான் சொல்லவில்லை. யோசித்து மறுப்பவரையும் சோம்பி மறுப்பவரையும் ஒரே வட்டத்தில் கறுப்படிக்கும் அளவுகோல் எதையும் அளக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

4

ஒரே பல்கலைக்கழகத்தில் ஏற்பும் மறுப்பும் அடுத்தடுத்து நிகழ்ந்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. அதை விரிவாகவே பார்க்கலாம்.

அமெரிக்காவில் 2012ஆம் வருஷம் பெரும் ஆரவாரத்தோடு தொடங்கியது. எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் சேர்ந்து எட்எக்ஸ் என்ற அமைப்பை நிறுவின. கோர்செரா, யுடாசிட்டி என்ற கம்பெனிகளும் களத்தில் இறங்கின. உலகத்தின் சிறந்த பேராசிரியர்களின் பாடங்கள் இனி எல்லோருக்கும் என்றார்கள். கலிபோர்னியாவில் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம் இந்தப் பரிசோதனைக்கு முன்வந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், தங்கள் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் படிக்கும் இடம் அது.

அங்கே மின்பொறியியல் துறையில் எம்.ஐ.டி.யின் மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொண்டார்கள். மாணவர்கள் வீட்டில் காணொளியைப் பார்த்துவிட்டு வருவார்கள். வகுப்பில் ஆசிரியரோடு குழுக்களாக உட்கார்ந்து கணக்குகளைப் போடுவார்கள். தேர்ச்சி பெரிதும் உயர்ந்தது. அடுத்தபடியாக, ஹார்வர்டில் மைக்கேல் சாண்டெல் நடத்தும் 'நீதி' என்ற புகழ்பெற்ற தத்துவப் பாடத்தையும் அதேபோல் உபயோகிக்கலாம் என்ற யோசனை வந்தது. 2013 ஏப்ரலில் தத்துவத் துறை ஆசிரியர்கள் மறுத்தார்கள். மறுப்பைச் சாண்டெலுக்கே ஒரு பகிரங்கக் கடிதமாக எழுதினார்கள்.

அந்தக் கடிதத்தின் வாதங்களை என் வார்த்தைகளில் தருகிறேன். எங்கள் துறையில் இந்தப் பாடத்தைக் கற்பிக்க ஆள் இல்லை என்ற நிலை இல்லை; பின் எந்தக் குறையைத் தீர்க்க இது வருகிறது? ஒருவர் பேச மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பது தத்துவம் ஆகாது. நாடெங்கும் எல்லாத் தத்துவத் துறைகளிலும் ஒரே மனிதரின் ஒரே 'நீதி' ஓடுவது பயங்கரமானது. கடைசியில் இரண்டு வகைப் பல்கலைக்கழகங்கள் உருவாகும் - ஒன்றில் வசதியுள்ள பிள்ளைகளுக்கு உயிருள்ள பேராசிரியர் கிடைப்பார், மற்றதில் அந்தப் பேராசிரியரின் படத்தை மற்றவர்களின் பிள்ளைகள் பார்ப்பார்கள், பக்கத்தில் ஓர் உதவியாளர் நிற்பார்.

சாண்டெல் பதில் சொன்னார். தம் பாடம் சக ஆசிரியர்களைக் கீழறுக்கப் பயன்படுவதைத் தாம் விரும்பவில்லை என்றும், அவர்களின் கவலை நியாயமானது என்றும் ஒப்புக்கொண்டார்.

இனி, ஏற்பு ஆராய்ச்சியின் கண்ணோடு இதைப் பார்த்தால் என்ன தெரியும்? பொறியியல்காரர்கள் முந்திப் பற்றிக்கொண்டவர்கள், தத்துவக்காரர்கள் பின்தங்கியவர்கள். முன்னவர்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் அதிகம், பின்னவர்களுக்குப் பயிற்சி முகாம் தேவை. இதைவிடக் குருட்டுத்தனமான வாசிப்பு இருக்க முடியாது. இரண்டு துறைகளும் ஒரே கேள்வியைக் கேட்டு வெவ்வேறு பதிலுக்கு வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. மின்சுற்றில் ஒரு விடை உண்டு, அது டொரன்டோவிலும் தூத்துக்குடியிலும் ஒன்றே. விளக்கத்தை யந்திரத்திடம் விட்டுவிட்டு, மாணவன் தடுமாறும் நிமிஷத்தில் பக்கத்தில் நிற்க ஆசிரியருக்கு அவகாசம் கிடைத்தது. அங்கே காணொளி ஆசிரியரை மாணவனிடம் நெருக்கிக் கொண்டுவந்தது. நீதி அப்படியல்ல. என் நியாயத்தை நான் உன் முகத்துக்கு நேராகச் சொல்ல, நீ அதை மறுக்க, உன் மறுப்பால் நான் கொஞ்சமாவது அசைவது - இதுதான் அந்தப் பாடத்தின் உள்ளடக்கமே. அங்கே காணொளி ஆசிரியரை அப்புறப்படுத்தியிருக்கும். கொள்வோன் கொள்ளும் வகை அறிந்து அவர்கள் ஏற்றார்கள். அதையே அறிந்து இவர்கள் மறுத்தார்கள். இரண்டும் ஆசிரியத் தீர்ப்புகள்.

பிற்பாடு நடந்தது பற்றியும் ஓரிரு வரிகள் சொல்ல வேண்டும். அதே பல்கலைக்கழகம் யுடாசிட்டியோடு சேர்ந்து 2013இன் முதல் பாதியில் நடத்திய கணிதப் பாடங்களில் தேர்ச்சி மிகவும் குறைவாக இருந்தது. ஜூலையில் அந்த முயற்சி நிறுத்திவைக்கப்பட்டது. லாப நோக்கற்றது என்று தொடங்கிய எட்எக்ஸ், 2021இல் 2யு என்ற கம்பெனிக்கு 80 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. அந்தக் கம்பெனி 2024இல் திவால் பாதுகாப்புக்கு மனுச் செய்தது. பேராசிரியர்களின் உழைப்பையும் பல்கலைக்கழகங்களின் பெயரையும் ஊற்றி வளர்த்த மரம் எந்த வளவில் காய் போட்டது என்று பார்த்தால், பவணந்தியாரின் நான்காவது உவமை எங்கேயோ போய்விடவில்லை என்று தோன்றுகிறது.

5

சான் ஹோசேயில் மறுக்க முடிந்தது. மறுத்தவர்களுக்குத் துறை இருந்தது, குரல் இருந்தது, கடிதத்தை வெளியிட இடம் இருந்தது. நம் கதை வேறு.

2020 மார்ச்சில் கொள்ளைநோய் வந்து கல்லூரிகளைப் பூட்டியது. சில வாரங்களுக்குள் ஜூம், கூகுள் மீட், கூகுள் கிளாஸ்ரூம் ஆகியவற்றின் வழியாக வகுப்புகள் தொடங்கின. அந்த நாட்களில் ஏற்பது, மறுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. வெள்ளத்தில் படகைக் குறை சொல்ல முடியாது. ஆனால் படகில் யாருக்கு இடம் இருந்தது? 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கிராமங்களில் இணைய வசதி இருந்த குடும்பங்கள் நூற்றுக்குச் சுமார் 15, நகரங்களில் 42. கம்ப்யூட்டர் வைத்திருந்த குடும்பங்கள் கிராமங்களில் சுமார் 4 சதவீதம்தான். 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம்தான். அண்ணனோடும் அப்பாவோடும் ஒரே செல்போனைப் பங்கிட்டுக்கொண்ட பெண்ணுக்கு அந்த டேட்டா எந்த நேரத்தில் கையில் கிடைத்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அந்த மாதங்களில் எனக்கு வகுப்பு என்பது ஒரு திரையும் அதில் கறுப்புக் கட்டங்களும். கட்டத்துக்குள் ஒரு பெயர், அல்லது பெயரின் முதல் எழுத்து. யாரும் காமிராவைத் திறக்கவில்லை. திறக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. திறந்தால் வீடு தெரியும். ஒரு பிள்ளை தன் வீட்டை வகுப்பு முழுவதற்கும் காட்ட வேண்டும் என்று கேட்க எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை. ஆனால் முகம் இல்லாதபோது எனக்கு என்ன போயிற்று என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் மூன்றாவது பெஞ்சில் ஒரு புருவம் சுருங்கும். அதைப் பார்த்துத்தான் அடுத்த வாக்கியத்தை மாற்றிச் சொல்வேன். வருஷக்கணக்கில் நான் கற்பித்ததில் பாதியை அந்தப் புருவங்கள்தான் எழுதிக்கொடுத்திருக்கின்றன. அமைப்போ வேறு தகவல்களை ஏராளமாகத் தந்தது. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை நிமிஷம் இருந்தார், கோப்பைத் திறந்தாரா இல்லையா. புரிந்ததா என்பது அதில் இல்லை.

நெருக்கடி போய்விட்டது. நெருக்கடிக்காக வந்தது போகவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு, ஸ்வயம் என்ற அரசு இணையமேடையின் பாடங்களிலிருந்து மாணவர் பெறக்கூடிய மதிப்பெண் பங்கை 2016இன் விதிகளில் 20 சதவீதம்வரை அனுமதித்திருந்தது. 2021இல் அதை 40 ஆக்கியது. எந்தப் பாடத்துக்கு இது பொருந்தும், எந்த மாணவருக்குப் பொருந்தும் என்பதைத் துறை ஆசிரியர்கள் உட்கார்ந்து விவாதித்துத் தீர்மானித்த கல்லூரிகளும் இருக்கலாம். நான் அறிந்த இடங்களில் சுற்றறிக்கைதான் வந்தது. கல்லூரிகளைத் தரப்படுத்தும் நாக் மதிப்பீட்டில் ஆசிரியர்கள் தொழில்நுட்பக் கருவிகளைப் பயன்படுத்துவதும் ஓர் அளவுகோல். ஆகவே ஆதாரம் வேண்டும். ஆதாரத்துக்காக வகுப்பைப் படம்பிடிக்கிறோம், திரையைப் படம்பிடிக்கிறோம், எண்ணிக்கையை நிரப்புகிறோம். பழைய நோட்டை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக ஏற்றினால் அது 'இணையவழிப் பாடப்பொருள்'. மடற்பனைக்கு இப்போது மின்விளக்கு போட்டிருக்கிறார்கள்.

இதை ஏற்பு என்று நான் சொல்ல மாட்டேன். இதன் பெயர் இணக்கம். புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அத்தனை பேரும் உள்ளே நுழைந்திருக்கிறார்கள், அத்தனை பேரும் கோப்பு ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் ஏற்றவனிடம் காரணம் இருக்கும். இணங்கியவனிடம் பயம்தான் இருக்கும், அல்லது அலுப்பு. மறுக்க முடியாதவனின் சம்மதத்துக்கு எந்த மதிப்பும் இல்லை என்பது சட்டத்தில்கூட ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம்.

இணக்கத்தின் கேடு ஆசிரியரோடு நின்றுவிட்டால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. வகுப்புக்குள் நுழைந்ததாகக் காட்டிவிட்டு எழுந்து போய்விடும் மாணவனுக்கு, ஆசிரியர் கோப்பை ஏற்றியது எதற்காக என்று தெரியும். அவன் போய்விட்டான் என்பது ஆசிரியருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பதில்லை என்று ஒரு மௌன ஒப்பந்தம் உருவாகிவிடுகிறது. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபிறகு இது இன்னும் ஒரு படி முன்னே போயிருக்கிறது. கட்டுரையை யந்திரம் எழுதுகிறது, அது களவா என்று இன்னொரு யந்திரம் சோதிக்கிறது, மதிப்பெண்ணை மூன்றாவது யந்திரம் கூட்டிப் போடுகிறது. நடுவில் இரண்டு மனிதர்கள் ஒருவருக்கொருவர் எதையும் கொடுக்காமல், எதையும் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பாவனை செய்வதைத்தான் அந்த மூன்று வருஷங்களில் மாணவன் நம்மிடமிருந்து உருப்படியாகக் கற்றுக்கொள்கிறான். அதை நாம் மிக நன்றாகக் கற்பிக்கிறோம்.

6

அப்படியானால் மறுத்துவிட்டுப் பழைய கரும்பலகைக்குப் போய்விடலாமா என்றால், அது இதைவிடச் சுலபமான ஏமாற்று.

கும்பகோணம் கல்லூரியில் 1880இல் தமிழாசிரியராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடியில் கற்றவர். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் எதிரே உட்கார்ந்து, வாயிலிருந்து காதுக்குப் பாடம் கேட்டவர். 1887இல் சீவக சிந்தாமணியையும், பின்னால் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு ஆகியவற்றையும் அச்சில் கொண்டுவந்தார். அவருடைய காலத்தில் அச்சு, நம் காலத்து இணையத்தைப்போலத்தான்: யார் வேண்டுமானாலும் வாங்கலாம், குரு இல்லாமலே படிக்கலாம். அந்தக் கருவியை அவர் ஏன் ஏற்றார் என்று அறிய வினாப்பட்டியல் தேவையில்லை. சுவடிகள் செல்லரித்துக்கொண்டிருந்தன, சிந்தாமணியைப் படித்தவர்கள் அநேகமாக இல்லாமல் போயிருந்தார்கள். தம் வேலைக்கு உள்ளிருந்து எழுந்த தேவைக்காக அவர் அச்சிடம் போனார். போனபின் கண்ணை மூடிக்கொண்டு அதனிடம் ஒப்படைக்கவும் இல்லை. பாடபேதம் பார்த்தார், அருஞ்சொல் விளக்கினார், பிழை திருத்தினார், வகுப்பில் நேரில் சொல்லிக்கொடுப்பதையும் தொடர்ந்தார். ஏற்பு என்றால் அதைத்தான் சொல்வேன். கருவியை ஏற்றதால் அவருடைய பொறுப்பு கூடியது.

கருவி வந்தபின் ஆசிரியரின் பொறுப்பு கூடுகிறதா, குறைகிறதா என்று பார்ப்பதே எனக்குத் தெரிந்த நேர்மையான சோதனை. இரவுப் பணி முடித்துவிட்டு வரும் மாணவனுக்காக ஒரு ஆசிரியை தன் பாடத்தைப் பதிவுசெய்து அனுப்பினால், மறுநாள் அவனிடம் எங்கே தடுமாறினாய் என்று கேட்டால், அங்கே பொறுப்பு கூடியிருக்கிறது. வகுப்பில் வாய் திறக்கக் கூச்சப்படும் பெண் எழுத்தில் கேட்கும் கேள்விக்கு நள்ளிரவில் பதில் எழுதுகிறவரும் ஈபவர்தான். பார்வையற்ற மாணவருக்குக் கரும்பலகையைவிட, கணினி வாசித்துக் காட்டும் கோப்பு எவ்வளவோ மேல். இவற்றை மறுக்கும் ஆசிரியருக்கு நியாயம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசிவிட்டு வருகை எண்ணிக்கையை அனுப்புவதும், யாரோ நடத்திய பாடத்துக்குக் காவல் நின்றுவிட்டு மதிப்பெண் போடுவதும் அந்தச் சோதனையில் தேறாது. இதில் கருவி புதியதா பழையதா என்பது பொருட்டில்லை.

இந்தச் சோதனையை யார் செய்வது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. மாணவனின் எதிரே நிற்பவர் செய்ய வேண்டும். அவர் செய்வதற்கு, மறுக்கும் சாத்தியம் அவர் கையில் இருக்க வேண்டும். கனடாவில் யார்க் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 1997இல் இரண்டு மாதத்துக்கு நெருங்கி வேலைநிறுத்தம் செய்தபோது பெற்றவற்றில், விருப்பமில்லாமல் தங்கள் பாடங்களை இணையத்துக்கு மாற்றக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற பாதுகாப்பும் ஒன்று. அந்த உரிமை கிடைத்ததனால் அவர்கள் கம்ப்யூட்டரைத் தொடாமல் இருந்துவிடவில்லை. தொட்டபோது அது தங்கள் தீர்மானம் என்று சொல்ல முடிந்தது.

நம் ஆசிரியர் சங்கங்கள் ஊதியக் குழுவுக்காகப் போராடியிருக்கின்றன, அது அவசியம். ஒரு பாடத்தை எப்படிக் கற்பிப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமைக்காக அவை தெருவுக்கு வந்து நான் பார்த்ததில்லை. அந்த உரிமை வேண்டும் என்று கேட்கிறவர் அதற்கான விலையையும் கொடுக்க வேண்டியிருக்கும். ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தைச் சொல்ல வேண்டும் - நிர்வாகத்திடம் சொல்வதற்கு முன்னால் மாணவனிடம். உனக்கு இதை இந்த வழியில் தருகிறேன், ஏனென்றால் நீ இந்த வழியில்தான் கொள்வாய் என்று நினைக்கிறேன், இல்லையென்றால் சொல் என்று. அப்படிக் கேட்டு, மாணவன் இல்லை என்று சொன்னால், என்ன செய்வது என்பது சுற்றறிக்கையில் இருக்காது. அந்த இடத்தில்தான் ஆசிரியரின் வேலை ஆரம்பிக்கிறது.